இரவு ஏழு மணிக்கு மேல் எண்ணிப் பாருங்கள்

நகரத் திட்டமிடல் ஆலோசகனாக நான் செய்த பெரிய பிழை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. துன் சம்பந்தன் சாலையில் ஆள் நடமாட்டத்தைக் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நின்று எண்ணினேன். நடைபாதை அகலம் போதும் என்று அறிக்கையும் எழுதினேன். பூக்கடை அக்கா ஒருவர்தான் சிரித்தார்: “இரவு ஏழு மணிக்கு மேல் வந்து எண்ணிப் பாருங்கள் தம்பி.”

போனேன். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு விரைபவர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக்கு மேசை தேடும் குடும்பங்கள், மல்லிகை வாங்க நிற்பவர்கள். இந்த நெரிசலுக்குள் வெள்ளைக் கோலைத் தட்டியபடி ஒருவர் வந்தார். பார்வையற்றோர் பலர் மசாஜ் நிலையம் வைத்துப் பிழைக்கும் வட்டாரம் இது. அவர்கள் காலால் தடவி நடக்கப் பதித்த புடைப்புக் கற்களின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பகலில் அந்த நாற்காலி அங்கே இருக்கவில்லை. ஆகவே என் அறிக்கையிலும் இல்லை.

இரவுப் பொருளாதாரம், அதாவது இருட்டிய பிறகு நடக்கும் வியாபாரமும் வேலையும், என்றதும் நம்மவர்கள் மதுக்கூடத்தை நினைத்து முகம் சுளிக்கிறார்கள். கோலாலம்பூரில் அது பெரும்பாலும் மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகமும் பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையும்தான். அதற்கு ஊராட்சி மன்றங்கள் செய்ய விரும்புவது அலங்கார விளக்கு. எனக்கு விளக்கின் மேல் பகையில்லை, ஆனால் வியாபாரிகள் என்னிடம் கேட்டவை வேறு.

1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி உரிமம் தருவதும் நிபந்தனை விதிப்பதும் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கின்றன. கடையின் மேசை நடைபாதையில் எந்தக் கோடு வரை வரலாம் என்பதை உரிமத்திலேயே எழுதி, தரையிலும் கோடு போட்டுவிட்டால் பாதி வழக்கு தீரும். கடை மூடும் நேரத்தையும் தெருவாரியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். 24 மணி நேர உணவகங்களுக்கான அனுமதியை மறுபரிசீலனை செய்யுமாறு 2024இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டபோது நாடே விவாதித்தது. உடல்நலக் கவலை நியாயமானது. ஆனாலும் ரயில் நிலைய வாசலுக்கும் குடியிருப்பின் நடுவே உள்ள கடைக்கும் ஒரே பூட்டு நேரம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கடை மூடிய பிறகு வீட்டுக்குப் போவது இன்னொரு சிக்கல். இங்கே ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடுகின்றன. பாத்திரம் கழுவுபவர் அதற்குப் பிறகுதான் கையைத் துடைக்கிறார். வாடகைக் காருக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போய்விடும். தொழிற்சாலை, விவசாய வேலைகளில் பெண்கள் இரவு 10 முதல் காலை 5 வரை பணிபுரிவதற்கு இருந்த சட்டக் கட்டுப்பாடு 2023 ஜனவரி 1 முதல் நீங்கியது. சட்டம் கதவைத் திறந்தது, பஸ் இன்னும் வரவில்லை. லண்டனில் 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது. நமக்கு இரண்டு மூன்று தடங்களில் இரவு பஸ் விட்டாலே தொடங்கலாம்.

நேர நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் வியாபாரிகள் ஒரு வாரம் மணிக்கு மணி வாடிக்கையாளர்களை எண்ணி, படத்தோடு இணையுங்கள். குப்பையை யார், எப்போது அகற்றுவார் என்பதையும் எழுதுங்கள். மேல்மாடிக்காரர்களின் புகார் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும்.

பூக்கடை அக்கா மாலை ஆறுக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. பக்கத்துக் கட்டடத்தின் கழிப்பறையை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். அவர் பதினொன்று வரை கடையில் இருக்கிறார். இப்போது என் கணக்கெடுப்புத் தாளில் இரவு 11 மணிக்கு ஒரு கட்டம் உண்டு. அதன் பக்கத்தில் ஒரு கேள்வி: கழிப்பறை திறந்திருக்கிறதா?