அசிமுத்: விண்வெளி நிலையத்தைக் காட்டித் தரும் திசைக்கோணம்

பன்னாட்டு விண்வெளி நிலையம் இன்று மாலை உங்கள் ஊருக்கு மேலே கடக்கிறது என்று செயலியில் அறிவிப்பு வரும். திறந்து பார்த்தால் நேரத்துக்குப் பக்கத்தில் 'அசிமுத் 225, எலிவேஷன் 10' என்று இரண்டு எண்கள் இருக்கும். பலர் நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, வானம் முழுவதையும் துழாவுகிறார்கள். நல்ல கடப்பு என்றாலும் நிலையம் கண்ணுக்குத் தெரிவது ஐந்தாறு நிமிடம்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாதவருக்கு அதில் பாதி தேடுவதிலேயே போய்விடும். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. எலிவேஷன், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், பள்ளிக்கூடத்திலேயே பழகிய சங்கதி. பலரைத் தடுமாற வைப்பது அசிமுத்.

அடிவானத்தை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கில் தொடங்கி, கிழக்கு வழியாக வலஞ்சுழியாக அந்த வட்டத்தில் எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதே ஒரு பொருளின் அசிமுத். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. பொருள் வானத்தில் எவ்வளவு மேலே இருந்தாலும் அதிலிருந்து நேர் கீழே அடிவானம்வரை ஒரு தூக்குநூலை இறக்கியதாகக் கொண்டு, நூல் தொடும் இடத்தின் திசையைப் படிக்க வேண்டும். அசிமுத் 225 என்றால் சரியாகத் தென்மேற்கு. வீடு கட்டும்போது மூலை பார்க்கிற வழக்கத்தில் சொன்னால் கன்னி மூலை. 45 ஈசானிய மூலை, 135 அக்கினி மூலை, 315 வாயு மூலை. இந்த நான்கும் தெரிந்தவருக்கு அசிமுத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

சொல் அரபியிலிருந்து வந்தது. அரபியில் 'சம்த்' என்றால் வழி, திசை. அதன் பன்மை 'சுமூத்'. முன்னால் 'அல்' என்ற சுட்டு சேரும்போது, அடுத்து வரும் சகர ஒலியோடு இழைந்து 'அஸ்ஸுமூத்' ஆகும்: 'திசைகள்' என்று பொருள். வான்பொருள்களின் உயரத்தையும் திசையையும் அளந்த பழைய கருவியான அஸ்ட்ரோலேப் பற்றிய அரபு நூல்கள் இலத்தீனுக்குப் போனபோது இந்தச் சொல்லும் கூடவே போனது. 14-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. இலக்கணப்படி பன்மையான சொல் இன்று ஒரே ஒரு கோணத்துக்குப் பெயராக நிற்கிறது.

இதே 'சம்த்' இன்னொரு சொல்லையும் பெற்றது. நேர் தலைக்கு மேலே உள்ள புள்ளிக்கு அரபியில் 'சம்த் அர்-ரஃஸ்', அதாவது தலைக்கு மேலான வழி. இலத்தீனில் படியெடுத்தவர்கள் 'm' எழுத்தின் மூன்று கோடுகளை 'ni' என்று பிரித்துப் படித்துவிட்டார்கள் என்பதே சொல்லாய்வாளர்கள் தரும் விளக்கம். 'செம்த்' என்றிருக்க வேண்டியது 'செனித்' ஆகி, அதிலிருந்து 'ஜெனித்' வந்தது. செயலியில் அடுத்தடுத்து வரும் அசிமுத்தும் ஜெனித்தும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஜெனித்துக்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை, உச்சி என்ற சொல் இருக்கிறது. உச்சி வெயில், உச்சந்தலை, நடு உச்சி எடுத்துத் தலை வாருவது என்று வீட்டில் புழங்கும் சொல் அது. தலையில் எடுக்கும் வகிட்டுக்கும் அதே பெயர் இருப்பது 'தலைக்கு மேலான வழி' என்ற அரபுப் பொருளுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது.

இந்தக் கணக்கு வளர்ந்ததற்கு வழிபாடும் ஒரு காரணம். எந்த ஊரில் நின்றாலும் மக்காவின் திசை எது என்று கணிப்பது, அந்த ஊரிலிருந்து மக்காவின் அசிமுத்தைக் கணிப்பதுதான். சென்னையிலிருந்து அது ஏறத்தாழ 288 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே தள்ளி. சென்னைப் பள்ளிவாசல்களில் தொழும் திசையான கிப்லா வெறும் மேற்கு அல்ல என்பதன் பின்னால் இருப்பது இந்த எண்.

தமிழில் எதைச் சொல்வது? திசைவில், திசைக்கோணம் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கின்றன. திசைவில் நுட்பமான சொல். வட்டத்தின் ஒரு பகுதியைக் கணக்குப் பாடத்தில் வில் என்கிறோம். அசிமுத்தும் அடிவான வட்டத்தில் ஒரு வில்தான். ஆனால் கேட்பவர் மனதில் முதலில் வருவது அம்பு விடும் வில். திசைக்கோணம் என்றால் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை, அரபு மூலத்தில் உள்ள 'திசை' என்ற பொருளும் அப்படியே நிற்கிறது. கிடைக்கோணம் என்று மட்டும் சொன்னால் போதாது. கிடைமட்டத்தில் எந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலும் கிடைக்கோணம் உண்டு, வடக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. திசை வடசொல் என்று தயங்குவோர், 'தென்புலத்தார்' என்பதில் உள்ள 'புலம்' என்ற பழஞ்சொல்லை எடுத்துப் புலக்கோணம் என்று ஆக்கலாம். காந்தப்புலம், மின்புலம் என்று அறிவியலில் புலம் வேறு வேலையில் அமர்ந்துவிட்டதால் அது குழப்பமே தரும். ஆகவே திசைக்கோணம். கூட வரும் எலிவேஷனுக்குப் பாடநூலில் உள்ள ஏற்றக்கோணம் மிகச் சரியான சொல். அதை 'உயரம்' என்று பெயர்த்துவிடக் கூடாது. நிலையத்தின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர், அதன் ஏற்றக்கோணம் நொடிக்கு நொடி மாறும் பாகைக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் நிச்சயம் தடுக்கி விழுவார்.

இப்போது எண்களைப் பயன்படுத்திப் பார்க்கலாம். சென்னையில் ஒரு மாலைக் கடப்புக்கு இப்படி ஒரு வரிசை வரும்: 7.20 மணி, திசைக்கோணம் 225, ஏற்றக்கோணம் 10. 7.23 மணி, திசைக்கோணம் 307, ஏற்றக்கோணம் 62. 7.25 மணி, திசைக்கோணம் 22, ஏற்றக்கோணம் 23. முதல் வரி தோன்றும் இடம், நடுவரி அதிகபட்சம், கடைசி வரி மறையும் இடம். தென்மேற்கில் கிளம்பி, வடமேற்குப் பக்கமாக மேலேறி, வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே தள்ளி மறைகிறது. 307-க்கு அடுத்து 22 வருவதைப் பார்த்து நிலையம் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 360-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி 0-விலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

பாகையை அளக்கக் கருவி தேவையில்லை. கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. பெரியவருக்குக் கை நீளம், முட்டியும் பெரிது. குழந்தைக்கு இரண்டுமே சிறிது. அதனால் இந்த அளவு எல்லோருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். கன்னி மூலையைப் பார்த்து நின்று, அடிவானத்தின் மேல் ஒரு முட்டியை வையுங்கள். அதன் மேல் விளிம்புதான் தோன்றும் இடம். அங்கே நிலையம் உங்களிடமிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும், மங்கலாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தென்னையும் 10 பாகையை எளிதில் மறைத்துவிடும். ஒரு நிமிடம் பொறுங்கள், ஏற்றக்கோணம் 18-க்கு ஏறிவிடும், திசைக்கோணம் 4 பாகைதான் நகர்ந்திருக்கும். ஆக அதே திசையில், இரண்டு முட்டி உயரத்தில் பார்த்தால் போதும்.

இந்த வேக வேறுபாடுதான் பலரை ஏமாற்றுவது. முதல் நிமிடத்தில் 4 பாகை நகர்ந்த திசைக்கோணம், உச்சிக்குப் பக்கத்தில் வரும் நடு நிமிடத்தில் ஏறத்தாழ 90 பாகை நகரும். நிலையம் வேகம் கூட்டவில்லை, அது எப்போதும் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. தொலைவில் நம்மை நோக்கி வரும்போது திசை மாறாமல் தெரிந்தது, அருகில் பக்கவாட்டில் கடக்கும்போது சட்டென்று திரும்புகிறது. சாலையில் வரும் லாரியிடம் தினமும் பார்ப்பதே. தொலைநோக்கியைக் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்பும் தாங்கியில் வைத்து நிலையத்தைத் துரத்துகிறவர்கள் இந்த நடு நிமிடத்தில்தான் அதைத் தவறவிடுகிறார்கள்.

வீட்டுக் கூரையில் இருக்கும் டிடிஎச் தட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். தட்டுப் பொருத்த வருபவர்களும் அசிமுத், எலிவேஷன் என்றே சொல்வார்கள். டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைத் தரும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு மேலே நிலைகொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து அதன் திசைக்கோணம் ஏறத்தாழ 134, ஏற்றக்கோணம் 68. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே அது சுற்றுவதால் அந்த எண்கள் மாறுவதில்லை. ஒருமுறை முடுக்கிவிட்டால் போதும். 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் நிலையத்துக்கு அப்படி நிலையான எண் கிடையாது. ஒவ்வொரு கடப்புக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

பிழை பெரும்பாலும் வடக்கைத் தீர்மானிப்பதில் வரும். சூரியன் மறைந்த இடமே மேற்கு என்று வைத்துக்கொள்வது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டும் சரி. டிசம்பர் பிற்பகுதியில் சென்னையில் சூரியன் மறையும் திசைக்கோணம் 246, ஜூன் பிற்பகுதியில் 294. மேற்கிலிருந்து இரு பக்கமும் 24 பாகை, ஏறக்குறைய இரண்டரை முட்டி. கைபேசியின் திசைகாட்டியை நம்பினால், காந்தம் வைத்த உறையைக் கழற்றுங்கள், மாடியின் இரும்புக் கைப்பிடியிலிருந்தும் நிறுத்தியிருக்கும் வண்டியிலிருந்தும் சில அடி தள்ளி நில்லுங்கள், கைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிவிட்டுப் பாருங்கள். திசைக்கோணம் உண்மை வடக்கிலிருந்து எண்ணப்படுவது. முள் காட்டுவது காந்த வடக்கு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இரண்டுக்கும் வேறுபாடு மூன்று பாகைக்கும் குறைவுதான், பொருட்படுத்த வேண்டாம். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு அது 10 பாகை, ஒரு முழு முட்டி. அங்கே கைபேசி அமைப்பில் உண்மை வடக்கைத் தேர்ந்துகொள்வது அவசியம்.

முள்ளே இல்லாமலும் வடக்கைப் பிடிக்கலாம். துருவ நட்சத்திரத்தின் ஏற்றக்கோணம் நீங்கள் நிற்கும் ஊரின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம். யாழ்ப்பாணத்தில் ஒரு முட்டி உயரத்தில், சென்னையில் 13 பாகையில் அது இருக்கும். கடலோரப் புழுதியிலும் நகர வெளிச்சத்திலும் அது எளிதில் அகப்படாது என்பது உண்மை. ஆனால் ஒருமுறை பிடித்து, அதற்கு நேர் கீழே உள்ள கட்டடத்தையோ கோபுரத்தையோ குறித்து வைத்துவிட்டால், அந்த மாடிக்கு வடக்கு என்றைக்கும் அதுவே.

இன்னொரு பொறி: எல்லாக் கணிப்பிகளும் வடக்கிலிருந்து தொடங்குவதில்லை. சூரிய மின்தகடு அமைப்பதற்கான சில கணிப்பிகளில் தெற்கு 0, மேற்கு 90, கிழக்கு கழித்தல் 90. பழைய வானியல் நூல்கள் சிலவும் தெற்கிலிருந்தே எண்ணும். நிலையம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக எண்கள் சொன்னால் தொடக்கப்புள்ளியைச் சந்தேகியுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. நம் பகுதியில் அது கன்னி மூலையிலிருந்து ஈசானிய மூலைப் பக்கமோ, வாயு மூலையிலிருந்து அக்கினி மூலைப் பக்கமோதான் போகும், ஒருநாளும் கிழக்கிலிருந்து மேற்கே வராது. 41.5 பாகை சாய்வில் சுற்றும் சீனாவின் தியாங்கொங் நிலையத்துக்கும் இது பொருந்தும். கிழக்கிலிருந்து மேற்கே மினுக்கிக்கொண்டு போவது விமானம்.

மறையும் வரியில் ஏற்றக்கோணம் 23 என்றிருப்பதும் பிழையல்ல. அந்த இடத்தில் நிலையம் பூமியின் நிழலுக்குள் நுழைகிறது. சில நொடிகளில் செம்மை ஏறி, மங்கி, அடிவானத்தைத் தொடாமலே அணைந்துவிடும்.

ஏற்றக்கோணம் 85-க்கு மேல் போகும் கடப்பில் நடுவரியின் திசைக்கோணத்தைப் பார்க்கவே வேண்டாம். சரியாக உச்சியில் இருக்கும் பொருளுக்குத் திசை இல்லை. இறக்கிய நூல் உங்கள் தலையிலேயே விழும். அந்த மாலைகளில் மொட்டை மாடியில் பாயை விரித்து, தலை அக்கினி மூலையிலும் கால் வாயு மூலையிலும் இருக்கும்படி மல்லாந்து படுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் நிலையம் இடத்தோளில் ஏறி, நெஞ்சுக்கு மேலே நொடிக்கு ஒரு பாகையாகக் கடந்து, வலத்தோளில் இறங்கும்.