உறைபனியைக் கட்டிப்போடும் மீன்

கோடையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தால், ஃப்ரீசரில் வைத்த ஐஸ்கிரீமின் கதி சென்னைக்காரர்களுக்குத் தெரியும். மறுபடி இறுகினாலும் வழவழப்பு போய், நாக்கில் நறநறக்கும். பால் கெட்டதால் அல்ல. வெப்பம் ஏறி இறங்கும்போது நுண்ணிய பனிப்படிகங்கள் கரைந்து, அந்த நீர் பெரிய படிகங்களில் போய் ஒட்டுகிறது. சிறியது அழியும், பெரியது கொழுக்கும்.

இதைத் தடுக்கும் வித்தை அண்டார்டிகா மீன்களிடம் இருக்கிறது. அங்கே கடல்நீரின் வெப்பநிலை மைனஸ் 1.9 டிகிரி வரை இறங்கும். உப்பு இருப்பதால் நீர் உறையாது. மீனின் ரத்தத்தில் அவ்வளவு உப்பு கிடையாது. காசிமேட்டு வஞ்சிரத்தை அங்கே கொண்டுபோய் விட்டால் விறைத்தே போகும். அங்குள்ள மீன்கள் மட்டும் எப்படி நீந்துகின்றன? 1960களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் டெவ்ரீஸ் அவற்றின் ரத்தத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்: சர்க்கரை கோத்த ஒருவகைப் புரதம்.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், நீரில் நிறையக் கலந்தால்தான் உறைநிலையைக் கீழே இறக்கும். இந்தப் புரதத்தின் வழி வேறு. கொஞ்சம் இருந்தாலே போதும். மீனுக்குள் பனித்துகள் நுழைவதை இது தடுப்பதில்லை. நுழைந்த துகளின் மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இலவம்பஞ்சு மெத்தையில் தையல் முடிச்சுகளுக்கு நடுவே பஞ்சு புடைப்பதுபோல, புரதங்களுக்கு இடையில் பனி புடைக்கிறது. அப்படி வளைந்த பரப்பில் புதிய நீர் மூலக்கூறுகள் சேர்வது கடினம். எனவே படிகம் அதே அளவில் நின்றுவிடுகிறது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு: அந்தப் பனி எளிதில் உருகுவதும் இல்லை. மீன் அதை உடம்பிலேயே சுமந்து திரிகிறது.

சில பூச்சிகளிடம் இதைவிட வீரியமான புரதங்கள் உண்டு.

சரி, நமக்கென்ன பயன்? யூனிலீவர் நிறுவனம் இத்தகைய மீன் புரதம் ஒன்றை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து ஐஸ்கிரீமில் சேர்த்திருக்கிறது. மீன் வாசனை வருமோ என்று சைவக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதற்காக ஒரு மீனையும் பிடிப்பதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது உறுப்பு மாற்று சிகிச்சை. தானமாகப் பெற்ற இதயம் ஐஸ் பெட்டியில் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது அதனால்தான். உறைநிலைக்குக் கீழே வைத்தும் கெடாமல் காக்க இந்தப் புரதம் உதவுமா என்று எலி இதயங்களில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அளவு கூடினால் பனி ஊசி ஊசியாக வளர்ந்து செல்களைக் குத்திவிடுகிறது.