தியேட்டரில் ‘கேன்சர் இல்லை’ என்றார்களே!

தைராய்டு ஆபரேஷன் முடிந்து சில நாளில் முழு ரிப்போர்ட் வருகிறது. அதில் கேன்சர் என்றிருந்தால் போதும், “ஆபரேஷன் தியேட்டரிலேயே பார்த்து இல்லை என்றார்களே, சாம்பிளை மாற்றிவிட்டீர்களா?” என்று லேபுக்குச் சண்டை வருகிறது. டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், எங்கிருந்து வந்தாலும் இதே கேள்விதான். இந்த மாதமும் கேட்டாயிற்று. ஐயா, அம்மா, சாம்பிள் மாறவில்லை. யாரும் பொய்யும் சொல்லவில்லை.

தியேட்டரில் செய்வது ஃப்ரோசன் செக்‌ஷன். கட்டியில் ஒன்றிரண்டு துண்டை மைனஸ் 20 டிகிரி வாக்கில் உறையவைத்து, 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, சுமார் 20 நிமிடத்தில் பதில் சொல்கிறோம். ஒன்றிரண்டு துண்டு என்பதைக் கவனியுங்கள். ஃபாலிகுலர் கட்டி என்பது தைராய்டில் வரும், உறை மூடிய ஒரு வகைக் கட்டி. அது சாதாரணமானதா கேன்சரா என்று செல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் செல் ஒரே மாதிரி இருக்கும். கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். கத்தரிக்காயில் புழு துளைத்த ஒற்றை ஓட்டையை ஒரே வில்லையில் தேடினால் அகப்படுமா? உறையைச் சுற்றிலும் வெட்டி, ஃபார்மலினில் பதப்படுத்தி, பல பிளாக் (மெழுகில் பதித்த துண்டு) போட்டுத் தேடினால்தான் தெரியும். அதற்குத்தான் அத்தனை நாள். “முழு ரிப்போர்ட் வரட்டும்” என்று தியேட்டருக்குப் பதில் போனால் அது மழுப்பல் அல்ல, நேர்மையான பதில்.

தைராய்டில் அதிகம் வரும் வகையான பாப்பிலரி கேன்சர் ஃப்ரோசனில் இதைவிட நன்றாகப் பிடிபடும். ஆனால் அதன் அடையாளமான வெளிறிய உட்கரு ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில்தான் தெரியும். ஆகவே பேத்தாலஜி படிக்கும் பிள்ளைகளே, உறையவைக்கும் முன் வெட்டுமுகத்தைக் கண்ணாடி ஸ்லைடில் ஒற்றி எடுங்கள். உட்கருவின் மடிப்பும் உள்பொதிவும் அதில் தெளிவாக இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டியை முழுசாக உறையவைத்து வீணாக்காதீர்கள். பனிப்படிகம் சிதைத்த திசுவில் பிறகு எதைப் பார்ப்பது?

ஆபரேஷனுக்கு முன் கட்டியில் ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்க்கும் ஊசிச் சோதனையின் முடிவை பெதஸ்டா 1 முதல் 6 வரை பிரிப்பார்கள். அதில் பெதஸ்டா 5, அதாவது கேன்சர் என்று பலமான சந்தேகம், வந்தவர்களுக்கு ஃப்ரோசன் உதவும். கழுத்து நெறிக்கட்டியில் பரவியிருக்கிறதா, எடுத்தது பாராதைராய்டு (தைராய்டை ஒட்டிய சிறு சுரப்பி) தானா என்று பார்க்கவும் உதவும். பெதஸ்டா 6 என்றால் கேன்சர்தான் என்ற விடை முன்பே தெரிந்ததுதான். பெதஸ்டா 4, அதாவது மேலே சொன்ன ஃபாலிகுலர் கட்டி என்ற சந்தேகம், என்றால் பெரும்பாலும் பயனில்லை.

கையெழுத்துப் போடுமுன் சர்ஜனிடம் கேளுங்கள்: தைராய்டில் பாதி எடுப்பீர்களா, முழுதுமா? ஃப்ரோசன் பதில் அதை மாற்றுமா? இரண்டாவது ஆபரேஷன் வரக்கூடுமா? அரசு மருத்துவமனையில் எடுத்த ஊசிச் சோதனை ரிப்போர்ட்டைப் பிரைவேட்டுக்குப் போகும்போது கட்டாயம் கொண்டுபோங்கள்.

பாதி எடுத்துக்கொண்டு, தையல் ஆறியதும் வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் எங்கள் பெரிய கவலை. சிறிய, பரவாத கேன்சராக இருந்தால் அந்தப் பாதியே போதும் என்றுகூட ரிப்போர்ட் பார்த்துச் சொல்லலாம். தயவுசெய்து மாறாத ஒரு செல்போன் நம்பரைக் கொடுங்கள், ரிப்போர்ட்டை நேரில் வந்து கேட்டு வாங்குங்கள்.