திமிலில் காதை வைத்துக் கேட்டால்

சேணம் கட்டுவதற்கு முன்னால் அண்ணன் மகள் ஓடிப்போய் ஒட்டகத்தின் திமிலில் காதை வைத்துக் கேட்டாள். ஜோர்டான் நாட்டின் தெற்கே வாதி ரம் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரப் பள்ளிகளுக்கு செப்டம்பர் விடுமுறை, காலை ஆறரை மணி இருக்கும். ஒட்டகம் நான்கு காலையும் மடக்கிப் படுத்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. "தண்ணி ஆடுற சத்தமே கேக்கலையே சித்தப்பா" என்றாள். பதினொரு வயது அவளுக்கு. அந்த வயதில் நானும் திமில் என்றால் தண்ணீர்த் தொட்டி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கையால் அமுக்கிப் பார் என்றேன். கெட்டியாக இருந்தது, உறைந்த நெய்யைத் தடித்த துணிக்குள் இறுக்கிக் கட்டியது போல, லேசாக உள்ளே போய்த் திரும்பியது.

நெய் என்று சொன்னது உவமைக்காக மட்டும் இல்லை, உள்ளே இருப்பது கொழுப்பேதான். நன்றாகத் தின்று வளர்ந்த ஒட்டகத்தின் திமிலில் முப்பது கிலோகூட இருக்கும். தீனி கிடைக்காத நாட்களில் அது கரைந்து உடம்புக்குச் சக்தியாகும், திமில் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். கொழுப்பு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்பதும் உண்மைதான், ஒரு கிலோ முழுதாக எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். கணக்கு அதோடு முடிந்திருந்தால் திமிலைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவிடலாம். ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு இழுக்க வேண்டும், வறண்ட காற்றை உள்ளே இழுத்து ஈரக்காற்றாக வெளியே விடும்போது நுரையீரலிலிருந்து போகிற தண்ணீர் வந்த தண்ணீரை விழுங்கிவிடும். கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்படியென்றால் கொழுப்பு ஏன் முதுகில் போய்க் குவிந்திருக்கிறது? நம் உடம்பில் அது தோலுக்கடியில் எங்கும் பரவிக் கிடக்கிறது, கழற்ற முடியாத கம்பளிச் சட்டை மாதிரி. ஒட்டகத்துக்கு அந்தச் சட்டை கிடையாது. கொழுப்பை முதுகின் மேல் ஒரே மூட்டையாக வைத்துக்கொண்டதால் விலாவிலும் வயிற்றிலும் காலிலும் இருந்து உடம்புச் சூடு தடையில்லாமல் வெளியே போகிறது.

சரி, ஏறுவோம். முதல்முறை ஏறுகிறவர்கள் எல்லோரும் கத்துகிற இடம் இதுதான். ஒட்டகம் எழும்போது முதலில் முன்பக்கம் முழங்காலில் கொஞ்சம் நிமிர்கிறது, அடுத்த நொடியே பின்னங்கால்கள் இரண்டும் சடாரென்று நீள்கின்றன, நாம் அதன் கழுத்தைப் பார்த்துச் சரிகிறோம், அப்புறம்தான் முன்னங்கால்கள் நிமிர்ந்து நம்மைச் சமநிலைக்குக் கொண்டுவருகின்றன. நம் ஊர் மாடும் இதே வரிசையில்தான் எழும், ஆனால் மாட்டின் மேல் யாரும் ரெண்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் அது அசையத் தொடங்கும்போதே பின்பக்கமாக நன்றாகச் சாய்ந்து, சேணத்தின் முன்கட்டையை ஒரு கையிலும் பின்கட்டையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களை அழைத்துப்போன, பெதுவின் என்ற பாலைவன அரபு இனத்து இளைஞர் இதைக் கைச்சாடையிலேயே சொல்லித் தந்தார். இறங்கும்போதும் அதே மாதிரிதான், முன்னங்கால் முதலில் மடங்கும், மறுபடியும் பின்னால் சாய வேண்டும்.

நடக்க ஆரம்பித்ததும் ஆட்டம் முன்னும் பின்னுமாக மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் வரும். டர்பன் துறைமுகத்தில் படகில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் பழக்கமானது. குனிந்து காலைப் பார்த்தால் காரணம் தெரியும். ஒட்டகத்தின் வலப்பக்கத்துப் பின்னங்காலும் முன்னங்காலும் ஏறக்குறைய சேர்ந்தே முன்னால் போகின்றன, அடுத்து இடப்பக்கத்துக் கால்கள். கால்கள் அவ்வளவு நீளம், அவற்றுக்கு இடையே உடம்போ குட்டை. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகர்ந்தால் எட்டி வைக்கிற பின்னங்கால் முன்னங்காலில் இடிக்காது. ஒவ்வோர் எட்டிலும் எடை முழுவதும் ஒரு பக்கம் போய்த் திரும்புவதால் மேலே இருப்பவர் ஆடுகிறார். இடுப்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். தளர்த்திவிட்டு அதனோடேயே ஆடினால் ஒன்றும் தெரியாது.

பாதத்தை நான் இறங்கியிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குளம்பே இல்லை. இரண்டு விரல், நுனியில் சின்ன நகம், அடியில் தோலால் மூடிய அகன்ற மெத்தை. தூக்கியிருக்கும்போது சுருங்கியிருக்கிற அந்த மெத்தை ஊன்றியதும் தோசைமாவு கல்லில் பரவுவது போல விரிந்தது. எடை பெரிய பரப்பில் பகிர்ந்துபோவதால் நம் செருப்பு புதைகிற மணலில்கூட அதன் தடம் ஆழமில்லாமல் ஒரு தட்டு வைத்து எடுத்தது போல இருந்தது. பாலைவனத்துக்கென்றே அமைந்த பாதம் என்று தோன்றும். ஆனால் ஒட்டகக் குடும்பம் முதலில் தோன்றியது வட அமெரிக்காவில், நாலு கோடி ஆண்டுகளுக்கு முன்னால். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் சுமார் 35 லட்சம் ஆண்டு பழைய ஒட்டக எலும்புத் துண்டுகள் கிடைத்ததை 2013-இல் அறிவித்தார்கள். இந்தப் பாதம் மணலுக்கு முன்னால் பனியில் நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசிப்பதை நினைத்தபடி அந்தச் சிவப்பு மணலில் நடக்கும் பாதத்தைப் பார்ப்பது தனி அனுபவம்.

வழியில் ஒரு முட்செடி. ஒட்டகம் நின்று ஒரு கிளையை அப்படியே வாயில் வாங்கியது. மேலுதடு நடுவில் பிளந்திருப்பதால் இரண்டு விரலால் பறிப்பது போலப் பறிக்கிறது, வாய்க்குள் கூம்பு கூம்பாகத் தடித்த சதை உள்நோக்கி நிற்பதால் முள் குத்தாமல் வழுக்கி உள்ளே போய்விடும். எங்கள் கலஹாரிப் பாலைவனப் பக்கம் வளர்கிற 'ஒட்டகமுள்' மரம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்கும் ஒட்டகத்துக்கும் சம்பந்தமில்லை, ஆப்ரிகான்ஸ் மொழியில் ஒட்டகச்சிவிங்கியின் பெயர் 'கமீல்பெர்ட்', அந்த 'கமீல்' தான் மொழிமாறும்போது ஒட்டகமாகிவிட்டது. அதற்காகத் தென்னாப்பிரிக்காவில் ஒட்டகமே இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். கலஹாரி மணலில் ரோந்து போகப் போலீஸார் ஒட்டகம் வைத்திருந்தார்கள், அப்பிங்டன் காவல் நிலையத்துக்கு முன்னால் ஒட்டகமும் அதன் மேல் ஒரு காவலரும் சிலையாக நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஆனால் எங்களுக்கு வேர்க்கவில்லை, அல்லது வேர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். டர்பனில் தைப்பூசம் நடுக்கோடையில் வரும், காவடியோடு நடந்து போனால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், வேர்வை வழியுமே தவிர காயாது, ஏனென்றால் கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வாதி ரம்மில் வேர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. தோல் உலர்ந்தே இருக்கும், தாகம்கூடத் தாமதமாகத்தான் தெரியும், ஆனால் வெயிலில் நடக்கிற மனிதர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை இழப்பது சாதாரணம். பிள்ளைகளோடு போகிறவர்கள் தாகத்துக்காகக் காத்திருக்காமல் நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள், இது மட்டும் கட்டாயம்.

நாம் ஏன் இப்படிச் செலவழிக்கிறோம்? நம் உடம்பு 37 டிகிரியை விட்டுக் கொடுக்காது. கொஞ்சம் ஏறினாலும் வேர்வையைக் கொட்டி இறக்கப் பார்க்கும். ஒட்டகம் இதில்தான் வேறு வழியில் போகிறது, அதைக் கண்டு சொன்னவர் நார்வேயில் பிறந்த நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர். அவரும் மனைவி போடிலும் குழுவினரும் 1953, 54-இல் அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் என்ற சகாராப் பாலைவனச் சோலையில் ஒட்டகங்களோடு தங்கி, அவற்றின் எடை, வெப்பநிலை, சிறுநீர், குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் அளந்தார்கள். தண்ணீர் குடித்த ஒட்டகத்தின் உடம்பு வெப்பம் ஒரு நாளில் ரெண்டு டிகிரி போல ஏறி இறங்கும். தண்ணீர் இல்லாத ஒட்டகமோ விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, பிற்பகலில் 40-ஐத் தாண்டுகிறது, அதுவரை பெரிதாக வேர்ப்பதில்லை. நமக்கு 40 என்றால் கடும் காய்ச்சல். ஒட்டகம் பகலின் சூட்டை உடம்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் குளிர்ந்த காற்றுக்கும் வானத்துக்கும் இலவசமாக விட்டுவிடுகிறது. 500 கிலோ உடம்பு ஆறு டிகிரி சூடேற இழுத்துக்கொள்கிற வெப்பத்தை வேர்வையால் போக்க வேண்டுமென்றால் நாலைந்து லிட்டர் தண்ணீர் செலவாகும். ஒரே நாளில் அவ்வளவும் மிச்சம்.

முடியும் இந்தச் சிக்கனத்தில் பங்கெடுக்கிறது. வெயிலில் நிற்கிற ஒட்டகத்தின் முடி மேல்பரப்பில் 70 டிகிரி அளவு கொதிக்கும்போது அடியில் தோல் 40 டிகிரியில் இருக்கும். அதே குழு ஓர் ஒட்டகத்துக்கு முடியை வெட்டிவிட்டுப் பார்த்தது, அது பாதிக்குப் பாதி கூடுதலாகத் தண்ணீர் இழந்தது. எங்கள் வழிகாட்டி அவ்வளவு வெயிலில் முழங்கை மூடிய நீள அங்கியோடு நடந்ததற்கும் இதே காரணம்தான். வெயிலைத் துணியில் நிறுத்திவிட வேண்டும், அது தோல்வரை வரக்கூடாது. அரைக்கால் சட்டையோடு வந்திருந்த என் அண்ணன் மதியத்துக்குள் ஒரு போர்வை வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

தண்ணீர் தீரத் தீர ரத்தத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் உயிர் போகிற விஷயம். கடும் வெயிலில் மனிதர் உடல் எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் தண்ணீர் இழந்தாலே ரத்தம் கெட்டியாகி, இதயத்தால் அதைத் தோல்வரை தள்ள முடியாமல், சூடு உள்ளேயே தேங்கி இறந்துபோவார். ஒட்டகம் 25 சதவீதத்துக்கு மேல் இழந்தும் நடக்கும். இழப்பின் பெரும்பகுதி திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் போகிறது, ரத்தத்தின் நீர் கடைசிவரை பெரிதாகக் குறைவதில்லை. அதன் சிவப்பணுக்களும் நம்முடையவை போல வட்டமில்லை, நீள்வட்டம். கெட்டியான ரத்தத்திலும் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் தண்ணீரைக் குடித்து ரத்தம் திடீரென்று நீர்த்துப்போனால், மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும் இடத்தில் இவை இருமடங்குக்கு மேல் உப்பியும் தாங்கும்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள், அவற்றின் மேல் ஈரத்தோல். தண்ணீர் இல்லாத ஒட்டகம் இரவில் குளிர்ந்த காற்றை இழுக்கும்போது அந்தச் சுருள்கள் குளிர்ந்துவிடும், வெளியே போகிற மூச்சின் ஈரம் அவற்றில் படிந்து மூக்கிலேயே தங்கிவிடும். அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு மூக்குக்கு முன்னால் கையை நீட்டினாள். "சுடுது சித்தப்பா." சுடத்தான் செய்யும், நேற்றுச் சாயங்காலம் வயிறு நிறையக் குடித்த ஒட்டகம் அது. மூச்சைக் குளிர்த்துச் சேமிக்க இன்றைக்கு அதற்கு அவசியமே இல்லை.

பதினொரு மணிக்கு மலையடியில் ஒரு கல்தொட்டிக்கு வந்தோம். மேலே பாறையில் எங்கோ ஊற்று, அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டிக்கு வருகிறது. 2011-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இந்தப் பள்ளத்தாக்கின் மலைகள் மேலே சிவப்பு மணற்கல், கீழே கருங்கல். எப்போதாவது பெய்கிற மழையை மணற்கல் உறிஞ்சிக்கொள்கிறது, தண்ணீர் இறங்கி இறங்கிக் கருங்கல்லில் முட்டி மேற்கொண்டு போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து ஊற்றாகிறது. அண்ணாந்து பார்த்தால் இரண்டு பாறையும் சேர்கிற கோட்டை ஒட்டியே புதர்கள் பச்சையாக நிற்பது தெரியும். மக்கள் இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்து வந்ததற்கும் பாறைகளில் எழுத்தும் ஒட்டகப் படமும் கீறி வைத்ததற்கும் அந்தக் கோட்டில் கசிகிற தண்ணீர்தான் காரணம்.

வழிகாட்டி கயிற்றைத் தளர்த்தினார். அண்ணன் மகள் கைப்பேசியில் நிறுத்தக் கடிகாரத்தைத் தயாராக வைத்திருந்தாள், பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிப்பதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஒட்டகம் உதட்டைத் தண்ணீரில் வைத்தது, கழுத்து நெடுக மடக்கு மடக்காகத் தண்ணீர் ஏறுவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தலையைத் தூக்கிவிட்டது.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். ஒட்டகம் இழந்த அளவுக்குத்தான் குடிக்கும், நாளைக்கு என்று கூடுதலாகக் குடித்து வைக்காது. காலையிலிருந்து எங்களைச் சுமந்து நடந்ததில் அது இழந்தது அந்தச் சில மடக்குதான். தொட்டியில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது, அவள் திமிலை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.