குடல் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே ஏன் எழுப்பி நடக்க விடுறாங்க?

பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணினவங்க கிட்ட, ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் தவறாம கேக்குற கேள்வி "காத்து பிரிஞ்சுதா?" சுத்தி நிக்குற சொந்தக்காரங்களுக்கு சிரிப்பு வரும், ஆனா குடல் திரும்ப வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க இதவிட சுலபமான வழி இல்ல.

வயித்தத் திறந்து குடலத் தொட்டாலே அது அசையுறத நிறுத்திடும். நரம்பு வழியா வர்ற தடை, கை பட்ட இடத்துல வர்ற வீக்கம், போதாததுக்கு வலிக்குப் போடுற மார்ஃபின் வேற, எல்லாம் சேந்து அமுக்கிடும். சிறுகுடல் ஒரு நாளுக்குள்ள முழிச்சிக்கும், இரைப்பைக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், பெருங்குடல்தான் சோம்பேறி, ரெண்டு மூணு நாள் ஆக்கும்.

முன்னாடிலாம் இந்த நாள் பூரா மூக்குல ட்யூப், வாய்ல ஒண்ணும் கிடையாது, படுத்தே கிடக்கணும், ஏன்னா தையல் விட்டுரும்னு பயம். டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் 1990கள்ல இத மாத்திப் பாத்தாரு, மார்ஃபினுக்குப் பதிலா முதுகுல எபிடியூரல் (முதுகுத்தண்டு பக்கத்துல மெல்லிய ட்யூப் வழியா மரத்துப்போற மருந்து விடுறது), அன்னிக்கே கொஞ்சம் சாப்பாடு, சீக்கிரமே எழுந்து நடை. 2000ல அவங்க டீம் வெளியிட்ட ஆய்வுல 60 பேர், அதுல பாதிப் பேருக்கு மேல ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிட்டாங்க (சிலர் திரும்ப வந்து அட்மிட் ஆனாங்க, அதையும் சொல்லிடணும்).

நடந்தா குடல் அசையும்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மையில அதுக்கு ஆதாரம் பலமா இல்ல. நடக்கச் சொல்றது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டாம இருக்க, நுரையீரல்ல சளி தங்காம இருக்க, படுத்துக் கிடந்து சதை கரையாம இருக்க. குடல எழுப்ப சூயிங்கம் மெல்லக் குடுக்குறாங்க! மென்னா சாப்பாடு வருதுன்னு மூளை நம்பி, மூளையிலருந்து வயித்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா குடலுக்கு சிக்னல் அனுப்பிடும், காபியும் ஓரளவுக்கு உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு.

இப்போ ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிக்கிறாங்க. வெட்டுப்பட்ட உடம்பு காயத்த ஆத்துறதுக்கு சொந்த சதையிலருந்துதான் புரோட்டீன உருவும், அதனால கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டில ஃப்ரான்செஸ்கோ கார்லி டீம் முன்கூட்டியே சில வாரம் நடை, லேசான வெயிட், புரோட்டீன் சாப்பாடு, மனசுக்கு ரிலாக்ஸ் பயிற்சின்னு குடுத்து, ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்குறாங்கன்னு ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் அளந்து பாத்தாங்க. நம்ம வீடுகள்ல தேதி குடுத்ததுமே "அசையாம படு"ன்னு படுக்க வச்சிடுறோம், அந்த சில வாரத்துலதான் இருக்குற சதையும் போகுது.