டொமைன் வேறு, சேர்வர் வேறு, எச்டிடிபிஎஸ் வேறு

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாரியும் நெய்து விற்கிற ஒருவர் இணையத்தளம் செய்யக் கேட்டால், "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையைத்தான் சொல்வார்கள். அந்தத் தொகைக்குள் தளத்தின் முகவரியான டொமைன் பெயர், பக்கங்களை வைத்திருக்கிற கணினியான சேர்வர், அதைச் செய்கிறவரின் கூலி என்று எல்லாம் கலந்து கிடக்கும். எது எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

கணினிகளுக்குப் பெயர் தேவையில்லை, ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டுகிற ஐபி எண் போதும். பெயர் நமக்காகத்தான். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன, வேண்டியவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவதற்காக 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் வடிவமைத்த டிஎன்எஸ் முறையில் முழுப் பட்டியலும் யாரிடமும் இல்லை. கல்முனையில் ஒருவர் உங்கள் கடையின் டொட் எல்கே முகவரியைப் போனில் தட்டினால், அவருக்காகத் தேடுகிற சேர்வர் முதலில் தேடல் தொடங்குகிற இடமான ரூட் சேர்வரிடம் போகும், அது "டொட் எல்கே பெயர்களைக் கவனிக்கிற எல்கேகாரரிடம் கேள்" என்று அனுப்பிவிடும், அவர் உங்கள் பெயருக்குப் பொறுப்பான சேர்வரைக் காட்டுவார், கடைசியில் அங்கேதான் எண் கிடைக்கும். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் சேமித்து வைப்பதால் அடுத்த ஆளுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரிகளும் உண்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தமிழில் தட்டத் தெரியாத வாடிக்கையாளருக்காக டொட் எல்கே ஒன்றும் கையில் இருக்கட்டும்.

சரி, எண் கிடைத்தாயிற்று. இனி எச்டிடிபி, அதாவது பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்கிற முறை. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், இருந்தால் சேர்வர் 200 என்ற குறியீட்டோடு அனுப்பும், இல்லாவிட்டால் 404. வெறும் எச்டிடிபியில் இந்தப் பேச்சை வழியில் இருக்கிற யாரும் வாசிக்கலாம், மாற்றவும் செய்யலாம். எச்டிடிபிஎஸ் அதை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கிவிடுகிறது. அதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, ஆகவே பில்லில் அதற்கென்று பெரிய தொகை போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களைக் குரோம் பிரவுசர் 2018 ஜூலையிலிருந்து "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. ஆனால் எச்டிடிபிஎஸ் உள்ள தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பிரவுசர் காட்டுகிற பூட்டுப் படம் இருந்தால் கடைக்காரர் நேர்மையானவர் என்று அர்த்தமில்லை. ஏமாற்றுக்காரரும் அதே சான்றிதழை எடுக்கலாம். சனங்கள் இதைத் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

டொமைனை நீங்கள் வாங்குவதில்லை, காலக்கெடுவுக்குப் பதிவு செய்கிறீர்கள். புதுப்பிக்காவிட்டால் தளமும் போகும், அந்தப் பெயரில் வருகிற இமெயிலும் நின்றுபோகும். அதனால் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் சொந்த இமெயிலிலும் இருக்க வேண்டும், தளம் செய்து தருகிற தம்பியின் பெயரில் அல்ல. பதிவு உங்கள் கையில் இருந்தால் சேர்வரை எப்போதும் மாற்றலாம், டிஎன்எஸ்ஸில் எண்ணைத் திருத்தினால் சரி. ஆனால் சேமித்து வைத்த பழைய பதில்கள் காலாவதியாகும்வரை சிலர் பழைய இடத்துக்கே போவார்கள், அதனால் பழைய சேர்வரை உடனே நிறுத்திவிடாதீர்கள்.