உசாத்துணை: குழந்தைக்கு யாரும் ஆலோசனை சொல்வதில்லை

‘குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை’ என்ற தொடரைக் கையேடுகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ‘இன்ஃபன்ட் அண்ட் ஏர்லி சைல்ட்ஹுட் மென்டல் ஹெல்த் கன்சல்டேஷன்’ என்பதன் தமிழாம் இது. எட்டு மாதக் குழந்தையை எதிரே உட்கார வைத்து யார் என்ன ஆலோசனை சொல்லப்போகிறார்கள்?

நடப்பது வேறு. உளநலப் பயிற்சி பெற்ற ஒருவர் காப்பகத்துக்கோ மழலையர் பள்ளிக்கோ வீட்டுக்கோ தொடர்ந்து வருகிறார். குழந்தையைக் கவனிக்கிறார், ஆனால் அவர் வேலை செய்வது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரோடு. சக குழந்தைகளைக் கடித்துவைக்கிற மூன்று வயதுப் பிள்ளை, யார் தூக்கினாலும் அடங்காமல் அழுகிற சிசு, இவர்களோடு நாள் முழுதும் போராடிக் களைத்த ஆசிரியர். ‘அவன் கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். சிகிச்சையும் இல்லை, உபதேசமும் இல்லை. குழந்தையின் பொறுப்பு முன்போலவே ஆசிரியரிடம் இருக்கிறது.

இந்த முறைக்குக் கோட்பாடு வகுத்தவர் ஜெரால்ட் கேப்லன் என்ற மனநல மருத்துவர். 1948க்குப் பின் இஸ்ரேலில் குடியேறிய ஆயிரக்கணக்கான சிறுவர்களின் உளநலப் பொறுப்பு அவருடைய சிறு குழுவின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பிள்ளையாக வரவழைத்துப் பார்த்து முடிகிற காரியமா? அவர்களை வளர்க்கும் விடுதிப் பணியாளர்களோடு பேசத் தொடங்கினார்கள். இதைப் பற்றிய அவருடைய நூல் 1970இல் வந்தது. வந்தவர் சொல்வதை ஏற்பதும் தள்ளுவதும் பணியாளரின் உரிமை, இருவரில் மேல் கீழ் இல்லை என்பது அவர் போட்ட அடித்தளம். பின்னாளில் இது சின்னஞ்சிறு பிள்ளைகளின் உலகத்துக்கு வந்தபோதும் அந்த அடித்தளம் மாறவில்லை. உளவியலாளர் வால்டர் கில்லியம் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளி வகுப்புகளில் நடப்பதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் பள்ளிமுன் வகுப்புப் பிள்ளைகள் வெளியேற்றப்படுவதைக் காட்டியது. இப்படி ஒருவர் வந்துபோகும் வகுப்புகளில் அந்த விகிதம் குறைவு.

இனி சொல்லுக்கு வருவோம். ‘கன்சல்டேஷன்’ இலத்தீன் வழி வந்தது. கலந்து எண்ணுதல் என்பது அடிப்படைப் பொருள். ‘ஆலோசனை’ வடமொழி, எண்ணிப் பார்த்தல்தான் அதற்கும் மூலப்பொருள். அப்படியானால் பொருந்துகிறதே என்பார்கள். அகராதியில் பொருந்துகிறது, வாயில் பொருந்தவில்லை. ‘ஆலோசித்தான்’ என்றால் இன்றும் யோசித்தான் என்றே பொருள். ‘ஆலோசனை’ என்று பெயர்ச்சொல்லாகிவிட்டால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்ளும் புத்திமதி. எதிரே இருப்பவருக்கு என்ன பெயர்? ‘ஆலோசனை பெறுபவர்’. கை நீட்டி வாங்கிக்கொள்பவர்! பிள்ளையோடு பத்து மணி நேரம் இருப்பவர் வாங்குபவராகவும், வாரம் ஒருமுறை வந்துபோகிறவர் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். எந்த நினைப்பை உடைக்க இந்த முறை பிறந்ததோ, அதே நினைப்பை மொழிபெயர்ப்பு பின்வாசல் வழியாகக் கூட்டி வருகிறது.

எனக்கு இதில் வடமொழி வெறுப்பு கிடையாது. ‘மனநலமா, உளநலமா’ என்று மல்லுக்கு நிற்பவர்களோடு நான் இல்லை. மனம் நம் வீட்டுச் சொல்லாகி எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. ‘மனநலம்’ என்ற சொல்லை நோயின் பெயராகவே கேட்டுப் பழகிவிட்டோம் என்பதால்தான் நான் உளநலம் என்கிறேன். உணர்ச்சிகளை உணர்ந்து வெளிப்படுத்துவதும், நெருங்கிய உறவில் நிலைகொள்வதும், சுற்றியிருப்பதைத் துழாவிக் கற்பதும்தான் இங்கே சிசுவின் நலம் எனப்படுகிறது. நோய்ப்பேச்சுக்கு அங்கே வேலை குறைவு.

‘கலந்தாய்வு’ என்று சொல்லலாமே? அழகான சொல், பொருளும் சரி. ஆனால் அதைக் கல்லூரிச் சேர்க்கைக்குத் தாரைவார்த்துவிட்டோம். ‘கலந்தாய்வுக்குப் போகிறேன்’ என்றால் எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்றுதான் கேட்பார்கள். ‘சூழ்ச்சி’ இன்னும் பரிதாபம். ‘சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்’ என்று குறள் சொல்லும்போது அது தேர்ந்து எண்ணுதல், இன்று சதி. ஆசிரியரும் உளநலப் பயிற்சி பெற்றவரும் சூழ்ச்சி செய்தார்கள் என்று எழுதினால் காவல் நிலையத்தில் முடியும்.

அந்தச் சூழ்ச்சிக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் இணைச்சொல் நமக்குக் கைகொடுக்கிறது: ‘உசாவே சூழ்ச்சி’. உசா, உசாவுதல். ஒன்று கெட்டுப்போனது, மற்றது கறைபடாமல் கிடக்கிறது. உசாவுதலில் கேட்பதும் உண்டு, சேர்ந்து ஆராய்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வினை பணியாளருடையது: உசாவுகிறவர் அவர், வந்தவர் உசாவுவதற்குத் துணை. ஆகவே உசாத்துணை, துணை நிற்பவர் உசாத்துணைவர், கேட்பவர் உசாவுநர். முழுத்தொடர் வேண்டுமென்றால் ‘குழந்தை பேணுநர்க்கான உளநல உசாத்துணை’.

நூலின் கடைசியில் மேற்கோள் நூல்களின் பட்டியலுக்கு ‘உசாத்துணை’ என்று தலைப்பிடுவது ஈழத்து எழுத்தில் வழக்கம், குழம்பாதா என்று ஒரு தடை வரும். குழம்பாது. அங்கே நூல் துணை, இங்கே ஆள் துணை. பழக்கமில்லாத சொல் என்பது அடுத்த தடை. முதல்முறை எழுதும்போது பக்கத்தில் ஒரு வரி விளக்கம் வைத்தால் போதும். பழகிய ஆலோசனையால் நாள்தோறும் தவறாகப் புரிந்துகொள்வதைவிட அது மேல்.

‘பேணுநர்’ என்று நான் வலிந்து எழுதியதும் காரணத்தோடுதான். ‘பராமரிப்பாளர்’ என்பதுதான் வழக்கம், ஆனால் பராமரிப்பு சாலைக்கும் மின்தூக்கிக்கும் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பராமரிப்புக்கு மூலமான ‘பராமர்ச’ என்ற வடசொல்தான் இந்தியில் ஆலோசனைக்குப் பெயர். அதேபோல் இன்ஃபன்ட் என்பதை ‘மழலை’ என்கிறார்கள். இலத்தீனில் அது பேசாதது. மழலையோ பேசத் தொடங்கிவிட்டது. குழவி என்றோ கைக்குழந்தை என்றோ எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ‘பிரதிபலிப்பு மேற்பார்வை’. உசாத்துணைவர் தாம் பார்த்ததையும் தமக்குள் எழுந்ததையும் மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து அசைபோடும் வழக்கத்துக்கு ‘ரிஃப்ளெக்டிவ் சூப்பர்விஷன்’ என்று பெயர். ரிஃப்ளெக்ட் என்றதும் மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைத் தேடி ஓடிவிட்டார். எண்ணிப் பார்த்தல் என்ற பொருள் அதே அகராதியில், அதே சொல்லின்கீழ், இரண்டு வரி தள்ளி இருக்கிறது.